ஐந்தாவது பெயரும் முகவரியும்

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது என்று தொடங்கினால், அதற்குப் பசித்தது, கிழங்கு தேடிப் போனது என்று மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். மன்னிக்கவும், இந்த முள்ளம்பன்றிக்குப் பசியில்லை. வளை நிறையக் கிழங்கு கிடந்தது. வயிறு நிறைந்தவர்களுக்கு வருகிற வியாதிதான் அவனுக்கு வந்திருந்தது: தன் ரசனையை நாலு பேர் மெச்ச வேண்டும்.

அவன் பெயர் மருதப்பன். அந்தக் காட்டில் ரசிகன் என்று பெயரெடுக்க ஒரே வழிதான் இருந்தது, பல்லிசை ரசிகர் மன்றத்தில் உறுப்பினராவது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாவல் மரத்தடியில் மன்றம் கூடும். ஒவ்வொருவராக எழுந்து தனக்குப் பிடித்த இசைக்குழுவைச் சொல்ல வேண்டும். யாரும் கேள்விப்படாத பெயராக இருந்தால் மரியாதை. எவராவது "அட, எனக்கும் பிடிக்குமே" என்று சொல்லிவிட்டால் சொன்னவர் மானம் போயிற்று, அடுத்த வாரம் வேறு பெயரோடு வர வேண்டியதுதான்.

ஆகவே காட்டெருமைக்கு வடதுருவத்துக் கடல்நாய்களின் ஜாஸ் பிடித்திருந்தது. மந்திக்குப் பென்குவின்களின் மெட்டல் குழு. "பழைய டிரம்மர் இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க" என்று அது பெருமூச்சு விடும். பென்குவினை அது படத்தில்கூடப் பார்த்ததில்லை.

மன்றத் தலைவர் அனந்தையா, ஒரு நல்லபாம்பு. பாம்புக்குக் காது கிடையாது என்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் படமெடுத்து ஆடும்போது பார்க்க அவ்வளவு ஞானஸ்தர் மாதிரி இருப்பார். காது உள்ளவர்கள் யாரும் அப்படி ஆடியதில்லை, அதனால் அவரையே தலைவராக்கிவிட்டார்கள். செயலாளர் மயில். அந்த அம்மாள் நினைத்திருந்தால் தலைவரை ஒரு கொத்தில் தீர்த்திருக்கலாம். தீர்த்தால் தேர்தல் நடத்த வேண்டும், அத்தனை படிவத்தை யார் சரிபார்ப்பது என்று சும்மா இருந்தார்.

மருதப்பன் மூன்று வாரம் வரிசையில் நின்றான். படிவத்தில் ஐந்து வகை இசை, வகைக்கு ஒரு பெயர். ராக், ஜாஸ், ஹிப்ஹாப், மெட்டல் நான்குக்கும் செல்போனில் தேடி, வாயில் நுழையாத பெயர்களாகப் பார்த்து நிரப்பினான். ஒன்றையும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

"அஞ்சாவது காலியா இருக்கே?" என்றார் மயில்.

ஐந்தாவது நாட்டுப்புறம். மருதப்பன் திணறினான். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அந்த அவசரத்தில் அவனுக்கு உண்மையாகவே பிடித்த பாடகியின் பெயரை எழுதிவிட்டான். அந்தப் படிவத்தில் இருந்த ஒரே உண்மை அதுதான்.

பூரணி. அவன் வளைக்கு எதிரே பாறையடியில் குடியிருந்த தவளை. மேகம் கூடி, மழை வருமா வராதா என்றிருக்கும் சாயங்காலங்களில் அவள் பாடுவாள். சொல் இருக்காது, தாளம்கூடப் பாதியில் நின்றுவிடும். ஆனால் அவள் பாட ஆரம்பித்தால் மருதப்பனின் முதுகில் சிலிர்த்து நிற்கிற முட்கள் அத்தனையும் தாமாகப் படிந்துவிடும். உலகத்தில் வேறு எதற்கும் அவை படிந்ததில்லை. அவனுக்கு அவள் பாட்டென்றால் உயிர்.

மயில் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இவங்க இங்கயே பக்கத்துலயா இருக்காங்க?"

"ஆமாங்க மேடம். என் வாசலுக்கு எதிர்லயே."

"அப்ப முகவரி வேணும். தூரத்துல இருக்கறவங்களுக்குத் தேவையில்ல." ஏதோ சொல்ல வந்தவர் போல மயில் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். "எழுதுங்க, நேரமாகுது."

மூன்றாவது பாறை, ஈரமான பக்கம் என்று மருதப்பன் அழகான கையெழுத்தில் எழுதினான்.

அன்று மாலை பூரணியிடம் பெருமையாகச் சொன்னான். "உன் பேரைக் கொடுத்திருக்கேன். ஞாயிற்றுக்கிழமை மன்றமே வருது. தலைவர் நேர்லயே கேக்கணுமாம்."

"எந்தத் தலைவர்ண்ணே?"

"அனந்தையா."

பூரணி பாறையோரம் ஒரு அடி பின்வாங்கினாள். "அண்ணே, அவர் பாம்புண்ணே."

"கலைன்னு வந்துட்டா அப்படியெல்லாம் பிரிச்சுப் பாக்கக் கூடாது பூரணி."

"நீங்க ஒருத்தர் கேக்கறீங்க. எனக்கு அது போதும்ண்ணே. நான் ராத்தங்காம ஓடைக்கு அந்தப் பக்கம் போயிடறேன்."

"நீ போயிட்டா என் படிவம் என்ன ஆகும்?" மருதப்பன் பதறினான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "நான் உன் பக்கத்துலயே நிக்கறேன். இத்தனை முள்ளு எனக்கு எதுக்கு இருக்கு? ஒருத்தன் கிட்ட வருவானா?"

அவள் அவனை நம்பினாள். அவனும் தன்னை நம்பினான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மன்றம் பாறையடிக்கு வந்து வட்டமாக உட்கார்ந்தது. அனந்தையா முன்வரிசை. மருதப்பன் முட்களை விறைத்துக்கொண்டு பூரணிக்குப் பக்கத்தில் காவல் நின்றான். வானம் கறுத்திருந்தது. அவள் பாடினாள்.

அன்றைக்கென்று அப்படிப் பாடினாள். பயம் கலந்த அந்தக் குரலில் காட்டெருமையே அசை போடுவதை நிறுத்தியது. மருதப்பனுக்குக் கண் நிறைந்தது. அவன் முட்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து முதுகோடு ஒட்டிப் படிந்தன. அனந்தையா ஆடிக்கொண்டே முன்னால் வந்தார், இன்னும் கொஞ்சம் வந்தார், பாட்டு நின்றது.

தலைவரின் கழுத்துக்குக் கீழே ஒரு புடைப்பு மெல்ல நகர்ந்தது.

"மனசுல நின்னுடுச்சு" என்றார் அனந்தையா.

பாட்டு நின்ற பிறகுதான் மருதப்பனின் முட்கள் எழுந்தன. அத்தனையும் எழுந்தன. தலைவர் உண்ட மயக்கத்தில் அசைய முடியாமல் கிடந்தார். முள் முதுகை அவர் பக்கம் திருப்பிப் பின்னால் ஒரு அடி வைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

மயில் அவன் அருகில் வந்தார். "முன்னெல்லாம் நாங்களும் பக்கத்துல பாடறவங்களைத்தான் எழுதினோம் சார். சில்வண்டு மூணு பேர், ஒரு தபேலா எலி. எல்லாரையும் தலைவர் கேட்டுட்டார். அப்புறம்தான் எங்களுக்குப் பென்குவின் பிடிக்க ஆரம்பிச்சுது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றான் மருதப்பன்.

"சொல்லியிருக்கலாம். ஆனா ஒண்ணு பாருங்க, இனிமே இவங்க பாட்டை யாரும் கேக்க முடியாது. விடாம கேட்டவர் நீங்க ஒருத்தர்தான். இப்படி ஒரு பேர் இந்த மன்றத்துல யார்கிட்டயும் கிடையாது." மயில் உறுப்பினர் அட்டையை நீட்டினார். காட்டெருமை தலை தாழ்த்தி வணங்கியது. மந்தி பொறாமையில் வெந்துகொண்டிருந்தது, வெளிப்படையாகவே தெரிந்தது.

மருதப்பன் ஒரு அடி வைத்தான். அட்டை இருந்த பக்கம்.

இப்போது ஆண்டுதோறும் பூரணி நினைவு நாள் நடக்கிறது. சிறப்புரை அவன்தான். "அவள் பாடினால் என் முட்கள் தாமாகப் படியும்" என்ற இடத்தில் தவறாமல் கைதட்டல் விழும். பேசும்போது முட்கள் நிமிர்ந்தே நிற்கும், அதை யாரும் கவனிப்பதில்லை. புதிய விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையையும் அவனிடமே கொடுத்துவிட்டார்கள்.

போன வாரம் ஒரு அணில் படிவத்தோடு வந்தது. ஐந்தாவது வரியில் தன் வீட்டுக்கு மேல்கிளையில் பாடுகிற சிட்டுக்குருவியின் பெயரை எழுதியிருந்தது. எழுதும்போதே அதன் முகத்தில் ஒரு சந்தோஷம். மருதப்பன் வெகுநேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைவர் சாப்பிட்டு மூன்று வாரம் ஆகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

"முகவரி விட்டுப் போச்சே தம்பி" என்றான். "தெளிவா எழுதுங்க. எந்தக் கிளைன்னும் போடுங்க."

நீதி: நல்ல ரசனை உள்ளவர்கள் தங்களுக்குப் பிடித்த பாடகரைத் தாராளமாக ஊரறியச் சொல்லலாம். முகவரி மட்டும் அடுத்தவருக்குப் பிடித்த பாடகருடையதாக இருக்கட்டும்.