இரண்டு லிட்டர் எண்ணெய்

சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை. தமயந்தி அதைப் பார்த்தபடி நின்றாள்.

முறுக்கு சுட்டு மீந்த வனஸ்பதி, இரண்டு லிட்டர். கறுத்துப் போயிருந்தது. சூடு ஆறுவதற்குள் கொட்டினால் ஓடிவிடும் என்று கொட்டிவிட்டாள். பெங்களூரின் ஜனவரிக் குளிர் அதைக் குழாயிலேயே மெழுகாக்கி நிறுத்திவிட்டது.

வெந்நீர் காய்ச்சி ஊற்றினாள். மாடியில் இளகியது கீழே போய் உறைந்தது. இப்போது வீட்டுக்கார ஷோபாக்காவின் சமையலறையில் கழிவுநீர் பொங்கி வந்தது.

ஈஜிபுராவில் இரண்டு மாதம் அலைந்து கிடைத்த வீடு. மகள் சிந்துவின் பள்ளிக்கூடம் அடுத்த தெரு. குடிவந்து மூன்றே வாரம். "வீட்டுக்குக் கெட்ட பேரு வந்தா அன்னிக்கே காலி" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள் ஷோபாக்கா.

அவள் படியேறி வந்தாள். "ஏனாயித்து, தமயந்தி? என்னாச்சு?"

தமயந்தியிடம் இருந்தது மூன்று வாரக் கன்னடம்; ஷோபாக்காவிடம் அரைகுறைத் தமிழ். உண்மையைச் சொல்லப் பயம். வேலைக்குப் போயிருந்த கணவன் தலையில் பழியைப் போட்டாள்.

"நான் இல்லக்கா. நம்ம யஜமானருதான் எண்ணெ ஹாக்தாரெ."

எண்ணெய் ஊற்றுகிறவர் அவர் என்பதை அப்படிச் சொன்னாள்.

ஷோபாக்காவின் முகம் மாறியது. "எஷ்டு?"

"எரடு லீட்டர்."

"ஒரே நாள்லயா?"

"ஒரே மூச்சுலக்கா."

ஷோபாக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு தமயந்தியைக் கட்டிக்கொண்டு அழுதாள். குழாய்க்காக இப்படி அழுகிற மனுஷியைத் தமயந்தி பார்த்ததில்லை.

சாயங்காலம் கணவன் சிவசங்கரன் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க செஞ்சதா ஒத்துக்குங்க. இல்லன்னா வீடு போயிடும்."

"நான் அடுப்பாங்கரைப் பக்கமே வர்றதில்லையேடி!"

"சிந்துவுக்காகங்க."

அவன் கீழே போனான். சாமி படத்தின் முன் கற்பூரம் எரிந்தது.

"யாரு பழக்கினது?" என்றாள் ஷோபாக்கா.

"எங்கம்மா. தீபாவளிக்குத் தீபாவளி இப்படித்தான்."

"அம்மாவுமா!"

"மேல கொஞ்சம் வெந்நீர் விட்டா சரியாயிடும்னு சொல்வாங்க."

"தேவரே!" ஷோபாக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இனிமே எண்ணெ தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினான். சத்தியம் சத்தியம்தானே. மறுநாள் காலை இட்லிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, தலை நிமிராமல் சாப்பிட்டான். தமயந்திக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கீழே ஓடினாள்.

குழாய் ரிப்பேர்க்காரர் நாகேஷ், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஷோபாக்காவின் சிங்க்குக்கு அடியில் படுத்திருந்தார்.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். அவரு பாவம். எண்ணெ ஹாக்கித்து நானே! எரடு லீட்டரும் நானே!"

ஷோபாக்காவின் கையிலிருந்த காபி டம்ளர் விழுந்து உருண்டது.

"நீனா? பொம்பளைப் புள்ளைய வெச்சிக்கிட்டு நீனா?" அவள் வாசலைக் காட்டினாள். "இன்னிக்கே காலி பண்ணு."

"ஒரு தடவை கொட்டினதுக்கா அக்கா?" தமயந்தி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நாகேஷ் மெல்ல வெளியே ஊர்ந்து வந்தார். கையில் பழுப்புக் கட்டியாக வனஸ்பதி. அதைப் பார்த்தார், தமயந்தியைப் பார்த்தார், ஷோபாக்காவைப் பார்த்தார்.

"அழாதம்மா. நம்ம பாஷையில 'தண்ணி' போடுறதுன்னு சொல்றோமில்ல, அதுக்கு இந்த ஊர்ல 'எண்ணெ' ஹாக்கறதுன்னு பேரு."