கடைமடைக்கு வந்த புது லஸ்கர்

சிங்கப்பூரில் ஏசி அறையிலும் வியர்வை சிந்தி உழைக்கும் மகாகனம் பொருந்திய சித்தப்பா இளஞ்செழியன் அவர்களின் சமுகத்துக்கு, அண்ணன் மகன் பரிதி வணக்கத்துடன் எழுதியது. அப்பாவின் மாவுக்கட்டுப் போட்ட கால் நீங்கலாக இங்கு அனைவரும் நலம்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. கணுக்கால் ஆழம். என் கணுக்கால் இல்லை, அனுராதா அக்கா வீட்டு வாத்தின் கணுக்கால்.

கல்லணையில் திறக்கும்போது அது ஆறுதான் சித்தப்பா. வழியில் ஊருக்கு ஊர் ஒரு வாய் குடித்துவிட, கடைமடைக்காரர்களான நமக்குப் பந்தியில் கடைசி இலைக்கு வரும் பாயசம்தான். வாளி வரும், கரண்டி சத்தம் வரும், அவ்வளவுதான். அதிலும் நமக்கு மேல் வயல்காரர் பஞ்சநதம் மாமா இருக்கிறாரே, தண்ணீரைக் கண்டதும் வாய்க்காலில் வைக்கோலை அடைத்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். கேட்டால், "நானா? ஆத்துல அடிச்சிக்கிட்டு வந்துருக்கும் மாப்ள" என்பார். வைக்கோலுக்கு நீச்சல் தெரியும்போல.

உங்கள் ஆறு மா நிலத்தில் தெளித்த விதை முளைத்து, நுனி கருக ஆரம்பித்திருந்தது. "இந்தப் போகமும் காஞ்சா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுருவேன்" என்று நீங்கள் போனில் சொன்னதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. சரி, இனி நாம்தான் என்று இறங்கினேன். இரண்டு மூங்கில், கொஞ்சம் வைக்கோல், ஒரு தொப்பி, ஒரு குடை, ஒரு காக்கிச் சட்டை (எங்கே கிடைத்தது என்பது இப்போது முக்கியமில்லை). மதகு திறந்து மூடுகிற லஸ்கர் ஒருவர் வாய்க்கால் கரையில் முதுகைக் காட்டி நிற்பதுபோல் நட்டுவைத்தேன். பஞ்சநதம் மாமா வைக்கோல் கட்டோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "வாங்க சார், வெயில்ல நிக்கிறீங்களே" என்றார். சார் அசையவில்லை. சைக்கிளில் டீ விற்கும் ஜாஃபர் சாதிக் பாய் ஒரு கப் டீயைப் பக்கத்தில் வைத்து, "பெரிய உத்தியோகஸ்தர், பேச மாட்டேங்கிறாரு" என்று போனார். அந்த டீயை லஸ்கர் சார்பில் நானே குடித்தேன்.

அப்புறம் என்ன, தண்ணீர் தடையில்லாமல் கீழே ஓடி வந்தது. நம் ஊர்ப் புவியியல் எனக்கு மனப்பாடம் அல்லவா? கரண்டு கம்பத்திலிருந்து நாலாவது வரப்பு நம்முடையது. கரையை வெட்டிவிட்டேன். மூன்றே நாளில் பயிர் பச்சைப்பசேல். போட்டோவும் அனுப்பினேன், பார்த்திருப்பீர்கள். கரிகாலனுக்குப் பிறகு இந்தப் பக்கம் தண்ணீர் விவகாரம் தெரிந்தவன் நான்தான் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசுவது நான்தான் என்றாலும் பேச்சு பேச்சுதானே.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும். குட்டிப் பாப்பாவின் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளவும், அழுதால் என் பெயரைச் சொல்லவும்.

இப்படிக்குத் தங்கள் நிலம் காத்த,
பரிதி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பஞ்சநதம் மாமா லஸ்கரைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"மாப்ள, ஒன் லஸ்கரு மூணு நாளா என் வயலுக்குத் தண்ணி பாய்ச்சிருக்காரு. கூலி என்ன குடுக்கணும்?"

அந்தக் கரண்டு கம்பம் புயலில் சாய்ந்த பிறகு இரண்டு வயல் தள்ளி நட்டிருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாது. நான் வெட்டியது அவர் வயலுக்கு. போட்டோவில் இருப்பதும் அவர் பயிர்தான்.

"பொம்மைன்னு தெரிஞ்சும் ஏன் மாமா சொல்லல?"

"வாயத் தொறந்தா நீ மடைய மூடிருவியே. ஒங்க பயிரு கருகுறத இன்னிக்கித்தான் பாத்தேன், மனசு கேக்கல. என் வரப்ப வெட்டித் தண்ணிய ஒங்க வயல்ல விட்ருக்கேன். சித்தப்பனுக்கு நீ எழுதுறியா, நான் போன் போடவா?"

ஆகவே பயிர் பிழைக்கும் சித்தப்பா, குத்தகைக்கு விட வேண்டாம். மேலே 'நான்' என்று வரும் இடங்களில் எல்லாம் பஞ்சநதம் மாமா என்று படித்துக்கொள்ளவும். காக்கிச் சட்டை மட்டும் என் வேலை. அது உங்கள் பீரோவில் இருந்தது. இப்போது அதில் ஒரு கை இல்லை.