கொலைகாரன் நடை

"நான்தான் கொலைகாரன். வழி விடுங்க."

ஸ்டுடியோ வாசல் காவலாளி அசையவில்லை. "காலையிலேருந்து நீங்க பன்னெண்டாவது கொலைகாரன் சார். வரிசையில நில்லுங்க."

முகமூடிக்காரருக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம். இன்று அது மூக்கையும் தாண்டிவிட்டது. 'விடுமுறை ரத்தம்' படத்தின் ஆறு பாகங்களிலும், விடுதிக்குக் கூத்தடிக்க வரும் பிள்ளைகளை ஒவ்வொருவராக வெட்டிச் சாய்த்தவர் அவர். முகம் காட்டியதில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. மெதுவாக நடந்து வருவார், அவ்வளவுதான். அந்த நடைக்காகத்தான் கூட்டம் வருகிறது என்பது அவருடைய பதினோரு வருஷ நம்பிக்கை. ஏழாம் பாகத்துக்கு வேறு ஆள் என்று டைரக்டர் நேற்று போனில் சொல்லிவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு வேறு வேலையும் தெரியாது.

பையிலிருந்து தன் பழைய முகமூடியை எடுத்து மாட்டினார்.

"இப்ப நம்புறீங்களா?"

"நம்பறதுக்கு என்ன சார் இருக்கு? அங்க பாருங்க."

கூட்டத்தில் நிற்கிற வேஷத்துக்காக வந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் அதே முகமூடியில் நின்றார்கள். முகமூடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, வாசல் முற்றத்திலேயே நடந்து காட்டினார். ஒரு அடி. நிதானம். இன்னொரு அடி.

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அங்கிள், தப்பா நடக்கறீங்க," என்றாள் ஒரு பெண். "இடது தோள் இறங்கணும்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"ஆறாம் பாகத்துல மாடிப்படியில இறங்குவாரே, பார்த்ததில்லையா? நான் ஒன்பது தடவை பார்த்தேன்."

"எல்லாப் பாகமும் ஒரே கதைதானே. அதை எதுக்கு ஒன்பது தடவை பார்க்கறே?"

"ஒரே கதைங்கறதாலதான் அங்கிள். பரீட்சையில என்ன வரும், வீட்டுல எதுக்குத் திட்டுவாங்க, ஒண்ணும் தெரியாது. இங்க லைட் அணையும், கதவு திறக்கும், அவர் வருவார். தொண்டை கிழியக் கத்தலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நடை மட்டும் மாறக்கூடாது."

அந்த நடைக்கு உரியவரிடமே இப்படிச் சொல்கிறாளே! வீம்புக்கு இடது தோளை இறக்கி நடந்தார். கால் பின்னி விழப் போனார். வரிசை மொத்தமும் கைதட்டியது. காவலாளி கூடத் தட்டினார்.

சத்தம் கேட்டு டைரக்டர் வெளியே வந்தார். பின்னாலேயே, துணி மூட்டையை இடது தோளில் சுமந்தபடி, உடைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் வந்தார்.

"யாரைக் கேட்டு என்னைத் தூக்கினீங்க?" என்று முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி முகமூடிக்காரர் பாய்ந்தார். "ஆறாம் பாகத்து மாடிப்படி நடையைத் தியேட்டர்ல பார்த்து நானே நடுங்கிட்டேன். அது மாதிரி எவன் நடப்பான்?"

டைரக்டர் தரையைப் பார்த்தார். "அன்னிக்கு இன்னொரு டேக் போகலாம்னு கேட்டேன். முடியாதுன்னு கத்திட்டுப் போயிட்டீங்க."

"ஒரு மணி நேரம் கழிச்சு வந்தப்ப, காட்சி ஓகேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"நாலாம் பாகத்துக் கிணத்தடியிலயும் அதே கதை. அஞ்சாம் பாகத்துலயும் அதே கதை. நான் கோவிச்சுப்பேன், கடைசியில ஓகேன்னுதான் சொல்வீங்க. அப்புறம் என் நடையில என்ன குறை? கூப்பிடுங்க அந்தப் புது ஆளை. யார் நடை ஒரிஜினல்னு இந்தப் பசங்களே சொல்லட்டும்."

டைரக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா மூட்டையை இறக்கி வைத்தார். தோள் மட்டும் இறங்கியபடியே இருந்தது. முகமூடிக்காரர் கையிலிருந்த முகமூடியை மெல்ல வாங்கி, தூசி தட்டினார்.

"புது ஆள்லாம் யாரும் இல்ல சார். நாலாம் பாகத்துலேருந்து நீங்க ஒவ்வொரு தடவையும் கோவிச்சுக்கிட்டு வேன்ல போய் உட்கார்ந்தப்போ, யாராவது நடந்துதானே ஆகணும்?"