மூன்று பூட்டுப் பெட்டியும் உங்கள் காசோலையும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் இவரும் நலம். மகள் இன்று காலைதான் கல்லூரி முகாமுக்குக் கிளம்பிப் போனாள், இருபத்திரண்டாம் தேதி திரும்புவாள், அவளும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் கோபமும் ஒருசேரக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய காசோலை கிடைத்தது. கூட வைத்திருந்த துண்டுச் சீட்டும் கிடைத்தது. "ஒரு கார்டு கடனை இன்னொரு கார்டுல தள்ளிவிடற ஆளை நம்பி நடுத்தெருவுக்கு வந்துடாதே. இதை வெச்சு முதல்ல அடை" என்று, முப்பது வருடம் பிறர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்த கையால் எழுதியிருந்தீர்கள். காசோலையை இந்த உறையிலேயே திருப்பி அனுப்புகிறேன். கோபமில்லை அண்ணா. உங்கள் மாப்பிள்ளையை நீங்கள் சரியாகத் தணிக்கை செய்யவில்லை, அவ்வளவுதான்.

கடன் வந்த கதை உங்களுக்குத் தெரியும். என் பல், வீட்டு பிரிட்ஜ், மகளின் கல்லூரிக் கட்டணம், மூன்றும் பேசிவைத்துக்கொண்டு ஒரே மாதத்தில் வந்தன. எல்லாம் கார்டில் போனது. எங்கள் இருவரின் மூன்று மாதச் சம்பளம். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிய நான், பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று அச்சடித்திருந்ததை மட்டும் மூன்று வருடம் மாதம் தவறாமல் கட்டிவந்தேன். ஒழுங்கானவள் என்ற பெருமை வேறு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி லிஃப்ட் மெக்கானிக் ஆன இவர்தான் ஒருநாள் எல்லா பில்லையும் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மூணு வருஷமா கட்டறோம், அசல் அப்படியே நிக்குதே?" என்றார். வட்டிக்கே போய்விடுகிறது என்றேன், ஏதோ கண்டுபிடித்தவள் மாதிரி. "அப்போ இது ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட்டு. உள்ள நாம மாட்டியிருக்கோம். முதல்ல பக்கத்து மாடிக்கு இழுத்துக் கதவைத் திறக்கணும். இறங்கி நடக்கறது அப்புறம் நம்ம பாடு."

பக்கத்து மாடி என்பது வேறொரு வங்கி. கடனை அங்கே மாற்றிக்கொண்டால் பன்னிரண்டு மாதம் வட்டி இல்லை. மாற்றித் தருவதற்கு நூற்றுக்கு மூன்று கட்டணம். பேலன்ஸ் டிரான்ஸ்பர் என்று பெயர். போனில் பேசிய வங்கிப் பெண், "சார், புது கார்டுல ஷாப்பிங் பண்ணினா பாயின்ட்ஸ் உண்டு" என்று ஆசை காட்டினாள். "அம்மாடி, உள்ள ஆள் மாட்டிட்டு இருக்கும்போது யாராவது லிஃப்ட்ல சாமான் ஏத்துவாங்களா? பதிமூணாவது மாசம் என்ன ஆகும், அதைச் சொல்லு." அவள் பேச்சை மாற்ற, இவர் மறுபடி கேட்க, ஆறாவது தடவையில் அவள் வட்டி விகிதத்தைச் சொன்னாள். அதை அப்படியே சமையலறைச் சுவரில் எழுதிவைத்தார். இன்றைக்கும் பால் காய்ச்சும்போதெல்லாம் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

அடுத்தது பெட்டி. இவர்கள் தொழிலில், லிஃப்டுக்குள் இறங்குகிற ஒவ்வொருவனும் மின்சாரப் பெட்டியில் தன் பூட்டை மாட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வான். கடைசி ஆளும் வெளியே வந்து பூட்டை எடுத்தால்தான் லிஃப்ட் ஓடும். ஒருமுறை யாரோ அவசரத்தில் இவர் பூட்டை வெட்டி லிஃப்டை ஓட்டியதில் போனதுதான் இவருடைய சுண்டுவிரல் நுனி. அதே முறையில், பழைய இரும்புப் பெட்டிக்குள் கார்டுகள் இரண்டையும் போட்டு, இவர் ஒன்று, நான் ஒன்று, மகள் ஒன்று என்று மூன்று பூட்டு மாட்டி, 'ஆள் வேலை செய்கிறார், இயக்காதீர்' என்று சிவப்பு அட்டையும் தொங்கவிட்டார். மூடியில் ஒரு பிளவு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இவருக்குக் கிடைக்கும் கூலியும் என் டியூஷன் பணமும் அதன் வழியே உள்ளே விழும். மாதாமாதம் பதினெட்டாம் தேதி மூவரும் கூடித் திறந்து, தவணையைக் கட்டுவோம்.

ஐந்தாவது மாதம் நான் ஒரு தப்புச் செய்தேன். பழைய கார்டில் பாக்கி இல்லை என்ற நினைப்பு மனதுக்குள் இனித்துக்கொண்டே இருந்தது அண்ணா. அதன் எண் என் போனில் பதிவாகிக் கிடந்தது. பெட்டியைத் தொடாமலே ஒரு ஜன்னல் திரை வாங்கிவிட்டேன். அளவுக்கு வெட்டித் தைத்த பிறகுதான் பயம் வந்தது, திருப்பவும் முடியாது. சொன்னேன். திட்டுவார் என்று நின்றால், போனை வாங்கி எண்ணை அழித்துவிட்டு, "பூட்டுப் போட்டும் கரன்ட் வருதுன்னா இன்னொரு வயர் இருக்குன்னு அர்த்தம். அதைப் பார்க்காம விட்டது நான்தான்" என்றார். நான் இத்தனை வருடத்தில் ஒரு தப்பையாவது இப்படி ஏற்றுக்கொண்டிருக்கிறேனா என்று அன்றைக்கு நெடுநேரம் யோசித்தேன். அந்தத் திரைக்கு மகள் வைத்த பெயர் 'பதிமூணாவது மாசம்'. "அம்மா, வெயில் அடிக்குது, பதிமூணாவது மாசத்தை இழுத்து விடு!"

பதினோரு தவணை முடிந்தது. இன்னும் ஒன்றே ஒன்று, வருகிற இருபதாம் தேதிக்குள். அதற்கான பணமும் முழுசாகச் சேர்ந்துவிட்டது. யாரிடமும் கை நீட்டாமல் நாங்களே இறங்கி நடக்கிறோம். அதை உங்கள் காசோலையால் கெடுத்துக்கொள்ள மனமில்லை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும். அதற்கு வட்டியும் கிடையாது, கெடுவும் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை

பி.கு.: உறையை ஒட்டப் போனால், மேசைமேல் இருந்த காசோலையைக் காணோம். "காத்துல பறந்துச்சு, பத்திரமா பெட்டிக்குள்ள போட்டுட்டேனே" என்கிறார் இவர். மூன்றாவது பூட்டின் சாவி மகளின் கழுத்தில், மகள் முகாமில், திரும்புவதோ கெடு முடிந்து இரண்டு நாள் கழித்து. தவணைப் பணமும் அதே பெட்டிக்குள்தான். பூட்டை வெட்டினால் என்ன என்று கேட்டேன். சுண்டுவிரலைக் காட்டினார். ஆகவே அண்ணா, இதே தொகைக்கு இன்னொரு காசோலை உடனே அனுப்பவும். மகள் வந்ததும் முதலாவதைக் காசோலையாகவும் இரண்டாவதைப் பணமாகவும் திருப்பிவிடுகிறேன். அதை மேசைமேல் வைக்க மாட்டேன்.