ஆட்டு மூளையில் அச்சத்தின் பங்கு

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு, அல்மாத்தியிலிருந்து தங்கை ரவ்ஷான் பணிவுடன் எழுதுவது. இங்கே யாவரும் நலம். கரகந்தாவில் பனியும் உன் மூட்டுவலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் மகளின் நிச்சய விருந்தில் நான் சம்பந்தி வீட்டாருக்கு அச்சத்தை ஊட்டிவிட்டு வந்ததாக நம் உறவில் பேச்சாம். நடந்ததைக் கேள். இவருக்குக் காய்ச்சல், அதனால் மூத்த விருந்தாளிக்குரிய அவித்த ஆட்டுத்தலை என் முன்னால் வந்தது. சொல்பேச்சு கேட்கட்டும் என்று காதை அறுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தேன்; அதுவரை சரி. மண்டையைப் பிளந்ததும் மாப்பிள்ளையின் அப்பா ஜாக்சிலிக், "மருத்துவக் கல்லூரியில தினமும் மூளைதானே அறுக்குறீங்க, எங்களுக்கும் காட்டுங்க சம்பந்தி" என்றார். பழக்கதோஷம், கத்தி முனையால் காட்டத் தொடங்கிவிட்டேன். நடுவில் பட்டாணி போல இருப்பது இரவு வந்ததை உடலுக்குச் சொல்லும் சுரப்பி என்றேன். "அதை எனக்கு வைங்க, தூக்கமே இல்ல!" என்று வாங்கித் தின்றார் அவர். வளைந்திருப்பது நினைவைப் பதிக்கும் என்றேன். "அதையும் இவருக்கே வைங்க, என் பிறந்தநாளாவது ஞாபகம் வரட்டும்" என்றாள் அவர் மனைவி குல்ஷாரா. பாதாம்பருப்பு போன்றது ஆபத்தை உணர்ந்து அச்சத்தைக் கிளப்புவது என்றேனா, "அப்போ அது மருமகளுக்கு! மாமியார்கிட்ட கொஞ்சம் பயம் வேணும்ல?" என்றாள் குல்ஷாரா.

எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என் அக்போதா மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "தின்னா ஒண்ணும் வராதுங்க. வர்றதா இருந்தா, தலைமுறை தலைமுறையா ஆடு தின்ன நாம இந்நேரம் 'மே'ன்னு கத்திக்கிட்டு இருக்கணும்" என்றேன். "அப்போ எங்கப்பா எனக்குக் காது ஊட்டினதும் பொய்யா?" என்றார் ஜாக்சிலிக், மெதுவாக. சம்பந்தமே முறிந்தது என்று நினைத்தேன். அக்போதாவின் கண், 'அம்மா, போதும்' என்றது. வேறு வழி தெரியாமல் அந்தப் பருப்பில் பாதியை நானே விழுங்கினேன். "இவளைப் பத்தின பயம் இவ பிறந்ததுலேர்ந்து என்கிட்டதான் இருக்கு. இன்னும் கொஞ்சம் சேரட்டும், சம்பந்தியம்மா."

குல்ஷாரா என்னையே பார்த்தாள். "தனியா திங்காதீங்க. நானும் புள்ள பெத்தவதான்" என்று மீதிப் பாதியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கல்யாணம் இலையுதிர் காலத்தில்.

அவ்வளவுதான். அவித்த மூளைக்கு எந்தச் சக்தியும் இல்லை என்று உறவில் கேட்பவர்களிடம் தெளிவாகச் சொல். உன் அடுப்பு அணையாமலும் வாசலில் விருந்தினர் குறையாமலும் இருக்கட்டும்.

உன் தங்கை,
ரவ்ஷான்

பி.கு.: அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, நெஞ்சு படபடவென்கிறது. குல்ஷாராவுக்கும் அப்படித்தானாம், தினமும் போனில் புலம்புகிறாள். ஜாக்சிலிக் மட்டும் குறட்டை விடுகிறாராம். கல்யாணத்துக்கு வரும்போது ஓர் ஆட்டுத்தலை கொண்டுவா. நடுவிலிருக்கும் பட்டாணியை யாரும் தொட வேண்டாம்.