சீனித் தண்ணீரில் ஊறிய விதைநெல்

அக்கரைப்பற்று,
18.10.1983

பேராதனையில் விவசாயம் படிக்கும் அன்பு மருமகன் றஸாக்குக்கு மாமா ஸலாஹுதீன் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே விதைநெல்லைத் தவிர எல்லோரும் சுகம்.

விதைக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்க்கலங்கள் இருக்கின்றன, முளைக்கும்போது அவை ஒன்று இரண்டாகப் பிரிகின்றன, கொஞ்சம் சீனி கொடுத்தால் அந்தப் பிரிவு சுறுசுறுப்பாகும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று எழுதவில்லை. வீட்டுக்கு வந்த ஆளுக்குத் தேத்தண்ணீரில் சீனி குறைத்துக் கொடுக்கும் வழக்கம் நமக்கு உண்டா? அது மரியாதையா? விதைக்கு மட்டும் கஞ்சத்தனம் காட்டுவானேன் என்று, கந்தூரி விருந்துக்கு வைத்திருந்த சீனி முழுவதையும் பீப்பாயில் கரைத்து, இரண்டு மூட்டை நெல்லையும் ஊறப்போட்டேன். மறுநாள் எடுத்து வழக்கம்போல் சாக்கில் கட்டி வைத்தேன். மூன்றாம் நாள் முளையின் வெள்ளை மூக்குத் தெரிய வேண்டும். இன்றைக்கு ஒன்பதாம் நாள். முளைக்கவும் இல்லை, அழுகவும் இல்லை.

சாக்கைத் தொட்டால் காய்ச்சல்காரன் மேல் மாதிரிச் சூடு. சீனியில் ஊறின சாக்குக்கு ஓர் எறும்பு வரவில்லை மருமகன், வாறதுகளும் முழத்தூரத்தில வளைஞ்சு போகுதுகள். உங்கட மாமி ஜுனைதா பகல் சோறு ஆக்கிக்கொண்டிருந்தவ, அகப்பையோட வந்து, "இஞ்ச வாங்க, சாக்கு மூச்சு விடுது" எண்டா. "புளிச்சா அப்பிடித்தான், போய் அடுப்பில ஆணத்தைப் பாரு" எண்டன். அவ போன பிறகு காதை வைச்சுப் பார்த்தன். உள்ளுக்க ஆயிரம் பேர் வாய்க்குள்ள ஓதுற மாதிரி ஒரு முணுமுணுப்பு. காதை எடுத்தா நிக்குது, வைச்சாத் துவங்குது. பயந்துதான் போனன். பள்ளிவாசல் லெவ்வையைக் கூட்டிவந்து ஓதி ஊதச் சொன்னா, அவர் சாக்கில கை வைச்சு, "உயிர் இரிக்கி. எதையோ பார்த்துக்கிட்டு இரிக்கி" எண்டு சொல்லிப்போட்டு, போட்ட தேத்தண்ணியையும் குடிக்காமப் போயிட்டார். வாய்க்கால் தண்ணிக்குப் பொறுப்பான வட்டவிதானை அப்துல் கபூர் வேற வந்து, "வெள்ளிக்கிழமை சாகாமம் குளத்துத் தண்ணி திறக்கிற. அதுக்குள்ள விதைக்காட்டி உங்கட வயல் தரிசுதான் காக்கா" எண்டுட்டார். ஊரில ஒருத்தரிட்டயும் மிச்ச விதை இல்லை. உங்கட படிப்பால எங்கட ஒரு வருசச் சோறு போகுது.

ஆகவே மகள் நதீராவுக்கு உங்களைப் பேசியிருப்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கம் வரவேண்டாம், விதையைப் பற்றி எழுதவும் வேண்டாம். உங்கள் படிப்பையும் ஈமானையும் அல்லாஹ் காப்பாற்றுவானாக.

இப்படிக்கு,
மாமா ஸலாஹுதீன்

பி.கு. (சனிக்கிழமை): மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கடிதம் தபாலில் சேராமல் நாலு நாள் சட்டைப்பையில் கிடந்தது. அதற்குள் மாமி கோபத்தில் நெல்லை வெறும் தண்ணீரில் ஏழு தரம் அலசிப்போட, அஸர் தொழுதுவிட்டு வருவதற்குள் இரண்டு மூட்டையும் ஒரு நெல்மணி தப்பாமல் ஒரே நேரத்தில் முளைத்துவிட்டது. வியாழன் விதைத்தேன். வெள்ளி தண்ணீர் வருமுன்னே பயிர் முழங்காலுக்கு நின்றது. ஊரெல்லாம் மெச்சுது, நானும் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். பிரியத் துவங்கின கலம் எப்ப நிற்கும் எண்டு உங்கட புத்தகத்தில எந்தப் பக்கத்தில இருக்கு? அந்தப் பக்கத்தோட உடனே வாங்க. வயலுக்கும் வீட்டுக்கும் ரெண்டு மைல் தூரம். நதீரா இப்ப வாசல்ல நிண்டு, "வாப்பா, என்ன பச்சை எண்டு வந்து பாருங்க" எண்டு கூப்பிடுகிறாள்.