சாச்சா நீட்டிய கழுத்து

புது மாப்பிள்ளைக்கு எல்லாம் கிடைக்கும். உண்மை மட்டும் கிடைக்காது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு ஒரு பயணப் பையோடும் நிறைய வாய்ப்பேச்சோடும் போய்ச் சேர்ந்தேன். அந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் "ஓம் மகன், ஓம்" என்றார்கள். முதல் வாரத்தில் மாமி சமைத்த பாகற்காயை, மரியாதைக்கு "நல்லா இரிக்கி" என்று மனைவி நுஸ்ரத்திடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து தினமும் பாகற்காய். (மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. எல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று நுஸ்ரத் வழியாகத்தான் வரும். பாகற்காய் மட்டும் நேரே வரும்.)

இப்படி எல்லோரும் தலையாட்டத் தலையாட்ட, நான் ஒரு மேதை என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் மதினி வந்தார்.

மதினி என்றால் நுஸ்ரத்தின் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவர். அடுத்த வளவில் வீடு, கணவர் கத்தாரில். அவர்களின் ஒரே மகள் ஹம்னாவுக்கு அப்போது ஐந்து வயது. வீட்டுக்குள் கிசுகிசுவென்று கதைப்பாள். வாசலைத் தாண்டினால் வாயைப் பூட்டிவிடுவாள். யாராவது பெயர் கேட்டால் உம்மாவின் அபாயாவுக்குள் ஒளிந்துகொள்வாள். அடுத்த வருடம் பெரிய பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளை இப்படி இருக்கிறதே என்று மதினி அழாத நாளில்லை. பாலர் பாடசாலை விடுகை விழாவில் டீச்சர் வேண்டுமென்றே அவளுக்குப் பேசும் பாத்திரம் கொடுத்திருந்தார். சவன்னாப் புல்வெளி மிருகங்கள் ஒவ்வொன்றாக மேடைக்கு வந்து, தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே சொல்லவேண்டும். வாப்பா கத்தாரிலிருந்து வீடியோ கோலில் பார்ப்பார்.

"மச்சான், ஹம்னாக்கு சிவிங்கியாம். டீச்சர் சொன்ன. உடுப்புத் தைக்கக் குடுக்கவா?" என்றார் மதினி.

"தைக்கக் குடுக்கிறயா? அப்ப நான் எதுக்கு இரிக்கன்?" என்றேன்.

நான் கல்முனையில் பேனர் அடிக்கும் கடையில் வடிவமைப்பாளன். (தேர்தல் காலத்தில் வேட்பாளர்களின் பற்களை வெள்ளையாக்குவது பிரதான வேலை.) சிவிங்கி என்றதும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. போட்டோக் கொப்பியைக் 'கொப்பி' என்று சுருக்குகிற ஊர் இது. ஒட்டகச்சிவிங்கியைச் சிவிங்கி என்று சுருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதானே? போனில் தேடிப் பார்க்கக்கூட இல்லை. ஒட்டகச்சிவிங்கியைத் தேடித் தெரிந்துகொள்கிறவன் ஒரு கலைஞனா?

மஞ்சள் துணி வாங்கி, வெடித்த வயல்நிலம் மாதிரி கபில நிறத் திட்டுகள் தீட்டினேன். ஒரு திட்டுப்போல இன்னொன்று இருக்கக்கூடாது என்று கண்டிப்பாக இருந்தேன். பிரம்பு வளையங்களை அடுக்கி, ஸ்பொஞ் சுற்றிக் கழுத்துக் கட்டினேன். கழுத்தின் அடியில் பிள்ளையின் முகம் தெரிய ஒரு ஓட்டை. உச்சிக் கொம்புகளுக்கு இரண்டு யோகட் கோப்பைகள். ஒட்டகச்சிவிங்கியின் நாக்குக் கறுநீலம் என்று எங்கோ வாசித்திருந்ததால், நுஸ்ரத்தின் பழைய ஷோல் ஒன்றை வெட்டி நாக்குத் தொங்கவிட்டேன். (அது பழையதல்ல என்று பிறகுதான் தெரிந்தது. அதையும் அவள் அப்போது சொல்லவில்லை.)

மாமா நாவிதன்வெளி வயலுக்குப் போகப் புறப்பட்டவர், நின்று நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ன மிருகம், மகன்?"

"சிவிங்கி, மாமா."

"ஆ... ஓம், ஓம். சிவிங்கிதான்" என்றவர், குடித்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

மதினி, "கழுத்துக் கொஞ்சம் கூடிப்போச்சோ, மச்சான்?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் நீட்டணும், மதினி" என்றேன் நான். அவர் நுஸ்ரத்தைப் பார்த்தார். நுஸ்ரத் கதவைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் மாமி உதட்டில் விரலை வைத்தபடி நின்றிருந்தாராம். மாப்பிள்ளையின் மனம் நோகக்கூடாதல்லவா!

உடுப்பைப் போட்டுப் பார்த்தபோது ஹம்னா மட்டும் என் காதுக்குள் சொன்னாள்: "சாச்சா, சிவிங்கிக்குப் பொட்டுச் சின்னன்."

பச்சைப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சிரித்துக்கொண்டேன்.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. சிங்கம் வந்து பிடரியைச் சிலுப்பியது. வரிக்குதிரை கோடுகளைக் காட்டியது. யானை தன் காதுகள் விசிறி என்றது. அதன் பின் ஓர் ஒட்டகச்சிவிங்கி வந்து, "என்ட கழுத்து நீளம், நான் மர உச்சியில இலை திம்பன்" என்றது. அதன் கழுத்து என்னுடையதில் பாதிகூட இல்லை. 'யாரோ நம்மைப் பார்த்துக் கொப்பியடித்திருக்கிறான்' என்று ஏளனமாக நினைத்தேன்.

அப்போது டீச்சர் ஒலிவாங்கியில் அறிவித்தார்: "அடுத்ததாக, தரையிலே மிக வேகமாக ஓடும் விலங்கு! சின்னத் தலை, ஒல்லியான இடுப்பு, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு, பாய்ந்து திரும்பும்போது தோணிக்குச் சுக்கான் மாதிரி உதவும் நீண்ட வால்! இதோ, சிவிங்கிப்புலி!"

புலியா?

டீச்சர் வாலை வெட்டிச் சொன்ன பெயருக்கு நான் ஒட்டகத்தின் தலையை ஒட்டியிருந்தேன்.

திரை விலகி என் ஒட்டகச்சிவிங்கி வந்தது. வந்த வேகத்தில் கழுத்து மேலே கட்டியிருந்த பேனரில் மாட்டியது. (பேனரும் நான் அடித்ததுதான்.) பேனர் ஒரு பக்கம் சரிந்தது. ஒரு கொம்பு கழன்று மேடையில் உருண்டது. மண்டபம் முழுக்கச் சிரித்தது. மதினியின் போனிலிருந்து கத்தார்க் குரல் கேட்டது: "ஒட்டகச்சிவிங்கியக் காட்டாம ஹம்னாவக் காட்டுங்க புள்ள!"

மதினியின் கண்ணில் நீர். எனக்கு நாற்காலிக்கடியில் புகுந்துவிடலாம் போலிருந்தது. என் மானம் போனால் போகட்டும். இவ்வளவு பேர் சிரிக்கும்போது அந்தப் பிள்ளை இனி ஒருநாளும் வாய் திறக்காதே என்று பதறினேன்.

ஹம்னா ஒலிவாங்கி முன்னால் நின்றாள். சாய்ந்த கழுத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு சபையைப் பார்த்தாள். பிறகு, வீட்டில் கதைக்கும் அதே குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நான் சிவிங்கிதான். சாச்சா கழுத்த நீட்டிட்டார். உள்ளுக்க சிவிங்கிதான் இரிக்கி."

மண்டபம் அதிர்ந்தது. அவள் நிறுத்தவில்லை. சின்னத் தலை, ஒல்லி இடுப்பு, கறுப்புக் கோடு, சுக்கான் வால் என்று அத்தனையையும் ஒப்புவித்து, "இப்ப ஓடப்போறன்!" என்று மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினாள். கழுத்து பின்னால் இழுபட்டு வர, அதுவே வாலாகிவிட்டது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். அழுதேன் என்று நுஸ்ரத் சொல்கிறாள். வியர்வையாக இருக்கலாம்.

அன்று இரவுச் சாப்பாட்டிலும் பாகற்காய்தான். திடீரென்று கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. மாமி வெளியே வந்து, முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மகன், உண்மையச் சொல்லுங்க. பாவக்காய் உங்களுக்கு விருப்பமா?"

"இல்ல, மாமி."

"அல்லாஹ்வே! எங்களுக்கும்தான் விருப்பமில்ல!"

அன்றுதான் நான் அந்த வீட்டு ஆளானேன். மறுநாளிலிருந்து எல்லோரும் என்னிடம் உண்மை பேசத் தொடங்கினார்கள். (இப்போது கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது.) மீன் ஆணத்தில் உப்புக் கூடினாலும், நான் பூசிய சுவர் கோணினாலும், "உள்ளுக்க சிவிங்கிதான் இரிக்கி" என்பார் மாமா.

ஹம்னா இப்போது ஆறாம் வகுப்பு. போன மாதம் கல்முனையில் பேச்சுப் போட்டிக்குக் கூட்டிப்போனேன். மேடை ஏறுமுன் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாத. உள்ளுக்க என்ன இரிக்கி?" என்றேன்.

"சிவிங்கி" என்றாள். "ஆனா சாச்சா, நீங்க கடைசியில போய் இரிங்க. உங்களக் கண்டா எனக்குச் சிரிப்பு வரும்."

போய் உட்கார்ந்தேன். அவள் பேசத் தொடங்கினாள். முன்னாலிருந்த தலைகளுக்கு மேலாக, என் கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.